உப்பை விரும்பும் ஊதாக் கந்தகப் பாக்டீரியாக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தீவின் மேற்குக் கரையில், பாலிக் பூலாவுக்கு அப்பால் உள்ள கண்டல் காட்டோரங்களுக்கு (நம் ஊரில் பாக்காவ் காடு என்று சொன்னால்தான் பலருக்குப் புரிகிறது), கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்து மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் பல ஆண்டுகளாக அழைத்துச் சென்று வருகிறேன். அங்கே சேற்றின் மேல்தோலைச் சிறு கத்தியால் வெட்டிப் புரட்டினால், சில இடங்களில் பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே மெல்லிய ஊதாக் கோடு ஒன்று தெரியும். அதைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும், வீடு திரும்பிய பின் அவர்கள் அனுப்பிய கேள்விகளும், அவற்றுக்கு நான் அளித்த விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

அந்த ஊதாக் கோடு சாயமா, உயிரா?

உயிர்தான். கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நெருங்கி வாழ்வதால் கண்ணுக்குத் தெரியும் நிறம் அது. இவற்றை ஊதாக் கந்தகப் பாக்டீரியாக்கள் என்கிறோம். சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன என்பதில் இவை செடிகொடிகளை ஒத்தவை. ஆனால் செடி தண்ணீரைப் பயன்படுத்தும் இடத்தில் இவை ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற, அழுகிய முட்டை நாற்றமுடைய வாயுவைப் பயன்படுத்துகின்றன.

இவற்றில் இரண்டு பெருங்குடும்பங்கள் உண்டு. குரோமேட்டியேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை, சல்ஃபைடிலிருந்து பிரியும் கந்தகத்தைச் சிறு மணிகளாகத் தம் உடலுக்குள்ளேயே சேமித்துக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த மணிகள் பளிச்சென்று மின்னும். எக்டோதயோரோடோஸ்பைரேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை கந்தகத்தை வெளியே விட்டுவிடுகின்றன. அந்தப் பெயரின் முதலில் வரும் ‘எக்டோ’ என்பதற்குப் புறத்தே என்றுதான் பொருள். நாவைச் சுளுக்கும் பெயர் என்றாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் முகப்பூச்சுக் களிம்பைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

‘நுண்ணுயிர்ப் பாய்’ என்று ஏன் சொல்கிறார்கள்?

இழையிழையாகப் பின்னிக்கிடப்பதால் பாய். ஆனால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பாயை விட, நம் பாசார்களில் விற்கும், பல நிற அடுக்குகள் கொண்ட குவே லாப்பிஸ் பலகாரத்தின் நினைவுதான் எனக்கு வரும். மேலே பொன்பழுப்பு நிறத்தில் டயாட்டம் எனப்படும் பாசிகள். அதன் கீழே பச்சை நிறத்தில், செடியைப்போலவே ஆக்சிஜன் வெளிவிடும் சயனோபாக்டீரியா இழைகள். அதற்கும் கீழே நமது ஊதா அடுக்கு. அடியில் கரிய சேறு. இவ்வளவும் சேர்ந்து பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஊதா அடுக்கு மட்டும் சில மில்லிமீட்டர், சில இடங்களில் அதற்கும் குறைவு.

இந்த அடுக்குகளை யாரும் அடுக்கிவைக்கவில்லை. மேலிருந்து ஒளியும் ஆக்சிஜனும் இறங்குகின்றன. அடியிலிருந்து சல்ஃபைடு ஏறுகிறது. ஆக்சிஜன் மிகுந்தால் ஊதாப் பாக்டீரியாவின் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். ஒளியோ சல்ஃபைடோ இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பே இல்லை. ஒளி எட்டிய வரைக்கும், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், சல்ஃபைடு வந்து சேரும் ஒரு குறுகிய எல்லையில்தான் அது வாழ முடியும். அந்த எல்லை நகர்ந்தால் ஊதாக் கோடும் நகரும். பாயில் நாம் காண்பது, கண்ணுக்குத் தெரியாத அந்த எல்லை எங்கே ஓடுகிறது என்பதைக் காட்டும் வரைபடமே.

சல்ஃபைடு எங்கிருந்து வருகிறது? அந்த நாற்றத்துக்கு ஊதாப் பாக்டீரியாதான் காரணமா?

இல்லை, பழி பொதுவாகத் தவறான ஆள்மேல்தான் விழுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்ஃபேட்டு (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்) கரைந்திருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத கறுப்புச் சேற்றில் வாழும் வேறொரு வகைப் பாக்டீரியாக்கள், நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதைப்போல அந்தச் சல்ஃபேட்டைச் சுவாசித்து, இறந்த இலைகளையும் பாசிகளையும் சிதைத்து, ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்ஃபைடாவதால்தான் சேறு கறுக்கிறது. வெள்ளி மெட்டியோ கொலுசோ அணிந்துகொண்டு அந்தச் சேற்றில் இறங்கியவர்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் அது கறுத்திருக்கும் காரணமும் இதுவே: வெள்ளி சல்ஃபைடாக மாறிவிடுகிறது.

ஊதாப் பாக்டீரியாக்கள் இந்த வாயு மேலே வரும் வழியில் அதை மறித்துத் தின்றுவிடுகின்றன. முதலில் கந்தகமாகவும், பிறகு மறுபடியும் சல்ஃபேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. அந்தச் சல்ஃபேட்டு கீழே இறங்கினால் அங்குள்ளவை மீண்டும் அதைச் சல்ஃபைடாக்கும். ஆக, சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள் கந்தகம் மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாயைக் காலால் கிளறினால் நாற்றம் குப்பென்று வருவது, மறித்து நின்ற அந்த அடுக்கு கிழிந்துபோவதால்தான்.

ஒளிச்சேர்க்கை என்றால் ஆக்சிஜன் வெளிவர வேண்டாமா?

பள்ளிப் பாடத்தில் படித்த ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவரும். அந்த ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறதா, தண்ணீரிலிருந்து வருகிறதா என்ற கேள்வி நெடுங்காலம் இருந்தது. அதற்கு வழிகாட்டியவை நம் ஊதாப் பாக்டீரியாக்கள்தாம்.

கலிபோர்னியாவின் கடலோர ஆய்வு நிலையம் ஒன்றில் பணியாற்றிய, நெதர்லாந்தில் பிறந்த கொர்னேலிஸ் வான் நீல், 1931இல் ஓர் எளிய ஒப்பீட்டை முன்வைத்தார். ஊதாக் கந்தகப் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுத்துக்கொண்டு கந்தகத்தை வெளிவிடுகிறது; செடி தண்ணீரை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளிவிடுகிறது. இரண்டும் கரியமில வாயுவைத்தான் உணவாக்குகின்றன. பாக்டீரியாவின் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து வருவது வெளிப்படை என்றால், செடியின் ஆக்சிஜனும் தண்ணீரிலிருந்துதானே வரவேண்டும்? 1941இல் ரூபனும் கேமனும் எடை கூடிய ஆக்சிஜன் அணுக்களைத் தடயமாகக் கொண்டு நடத்திய சோதனைகள் அதற்கு வலுச் சேர்த்தன. நாம் மூச்சுவிடும் காற்றின் பிறப்பிடத்தை, ஆக்சிஜனையே வெளிவிடாத ஓர் உயிரை வைத்து உய்த்துணர்ந்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மேலே உள்ள பச்சை அடுக்கு ஒளியை எல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு இவற்றுக்கு என்ன மிஞ்சும்?

நமக்குத் தெரியாத ஒளி மிஞ்சும். பச்சை அடுக்கிலுள்ள பச்சையம் ஏறத்தாழ 700 நானோமீட்டர் அலைநீளம் வரையிலான ஒளியையே பயன்படுத்துகிறது. அதற்கு மேற்பட்ட அகச்சிவப்பு ஒளி பச்சை அடுக்கையும் மணலையும் ஊடுருவிக் கீழே இறங்கிவிடும். ஊதாப் பாக்டீரியாக்களிடம் உள்ள பாக்டீரியப் பச்சையம் 800 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அந்த ஒளியைத்தான் உறிஞ்சுகிறது. வேறொரு வகைப் பாக்டீரியப் பச்சையத்தைக் கொண்டவை 1,000 நானோமீட்டரையும் சற்றுத் தாண்டுகின்றன. பந்தி முடிந்த பின் மிஞ்சியதை உண்பதுபோலத் தோன்றினாலும், அந்தப் பந்தியில் அவற்றுக்கு வேறு யாரோடும் போட்டி இல்லை.

இதை முதலில் கண்ணால் கண்டவர், உட்ரெக்டில் பணியாற்றிய ஜெர்மானிய உடலியல் அறிஞர் எங்கல்மான். 1883இல் அவர் நுண்ணோக்கியின் கீழ் ஒளியின் நிறமாலையை விழச்செய்து பார்த்தபோது, நீந்தும் ஊதாப் பாக்டீரியாக்கள் மனிதக் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் அகச்சிவப்புப் பகுதியில் போய்க் கூடின. ஒளி திடீரென்று குறைந்தால் அவை அதிர்ந்து பின்வாங்குவதையும் அவர் பதிவு செய்தார்.

அப்படியானால் ஊதா நிறம் எங்கிருந்து வருகிறது? பெருமளவு கரோட்டினாய்டுகளிலிருந்து. கேரட்டுக்கும் தக்காளிக்கும் நிறம் தரும் அதே குலத்து நிறமிகள்தாம் இவை. எந்தக் கரோட்டினாய்டு மிகுதி என்பதைப் பொறுத்து, இந்தப் பாக்டீரியாக்கள் இளஞ்சிவப்பாகவோ செம்பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும்.

உப்பு மிகுந்த இடத்தில் ஏன் வாழவேண்டும்? உப்பு உயிரைக் கொல்லாதா?

கொல்லும், மாங்காயை உப்பிலிட்டால் அது நீர்விட்டுச் சுருங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். செறிந்த உப்புநீரில் விழுந்த ஒரு சாதாரணப் பாக்டீரியாவுக்கும் அதே கதிதான்: உடலிலுள்ள நீர் வெளியே போய்விடும். உப்பை விரும்பும் ஊதாப் பாக்டீரியாக்கள் இதைச் சமாளிக்கத் தம் உடலுக்குள் வேறு கரைபொருள்களை நிரப்பிக்கொள்கின்றன. கிளைசீன் பீட்டைன், டிரெஹலோஸ் என்ற சர்க்கரை, எக்டோயின் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவை நீரைப் பிடித்துவைக்கும். அதே சமயம் உடலின் புரதங்களுக்குத் தீங்கு செய்யாது.

இந்த எக்டோயினுக்காகத்தான் அந்த ‘எக்டோ’ பெயரை முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 1985இல், எகிப்தின் வாடி நட்ரூன் உப்பு ஏரிகளிலிருந்து எடுக்கப்பட்ட, அன்று எக்டோதயோரோடோஸ்பைரா ஹாலோக்ளோரிஸ் என்று அழைக்கப்பட்ட பாக்டீரியாவில் அது கண்டறியப்பட்டது. பாக்டீரியாவின் பெயரே பொருளுக்கும் வந்தது. இன்று வறண்ட தோலுக்கான களிம்புகளிலும், மூக்கில் பீய்ச்சும் மருந்துகளிலும், கண் சொட்டுமருந்துகளிலும் அதன் பெயரைக் காணலாம். ஆலைகளில் அதைத் தயாரிக்கப் பயன்படுவது ஊதாப் பாக்டீரியா அன்று, ஹாலோமோனஸ் என்ற வேறொன்று. பினாங்கின் ஜார்ஜ் டவுன் மருந்துக்கடை ஒன்றில் களிம்புக் குழாயின் பின்புற எழுத்துகளைப் படித்துக்கொண்டு நான் நெடுநேரம் நின்றதைக் கடைக்காரப் பெண் சந்தேகத்தோடு பார்த்தார் என்பது வேறு கதை.

உப்பால் நன்மையும் உண்டு. நத்தை, நண்டு, புழு போன்றவை பாயை மேய்ந்தும் துளையிட்டும் அழித்துவிடுகின்றன. உப்பு ஏற ஏற அவை விலகிப்போகின்றன; பாய் நிலைபெறுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் உள்ள ஹாமலின் பகுதியில், கடல்நீர் வழக்கத்தை விட ஏறத்தாழ இரு மடங்கு உப்பாக இருப்பதால்தான் அங்கே நுண்ணுயிர்ப் பாய்கள் கல்மேடுகளாக வளர முடிந்திருக்கிறது. பெர்த்துக்கு விடுமுறை செல்லும் நம்மவர்கள் பலர் அந்த மேடுகளைப் பாறை என்றே நினைத்திருப்பார்கள்.

எவ்வளவு உப்பு தேவைப்படும்?

இனத்துக்கு இனம் வேறுபடும். கடல்நீரில் உப்பு 3.5 விழுக்காடு. பிரான்சின் தெற்கே, சலான்-டு-ழிரோ உப்பளங்களிலிருந்து 1980களில் பிரித்தெடுக்கப்பட்ட ஹாலோகுரோமேட்டியம் சாலெக்ஸிஜென்ஸ், அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு உப்பில் செழிக்கிறது. ஹாலோரோடோஸ்பைரா ஹாலோஃபிலா என்ற திருகு வடிவப் பாக்டீரியாவோ, உப்பு இனிமேல் கரையாது என்னும் அளவுக்குச் செறிந்த நீரிலும் வளரக்கூடியது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து சம்மர் ஏரியிலிருந்து 1960களில் எடுக்கப்பட்ட இதனிடம், நீல ஒளியை உணரும் மஞ்சள் புரதம் ஒன்று இருக்கிறது. நீல ஒளி கூடுதலாகப் பட்டால் இது விலகி நீந்துகிறது. அளவில் மிகச் சிறியதும் எளிதில் படிகமாவதுமான அந்தப் புரதம், ஒளி பட்டவுடன் ஒரு புரதம் எப்படி உருமாறுகிறது என்பதை ஆராய்வோரின் செல்லப்பிள்ளை.

தூத்துக்குடி உப்பளங்களில் நீர் சிவந்து தெரிவதும் இதே பாக்டீரியாதானா?

ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டி சொன்ன நினைவில் பலர் இதைக் கேட்கிறார்கள். அந்தச் சிவப்பு பெரும்பாலும் வேறு இருவருடையது. ஒன்று துனாலியெல்லா என்ற பாசி. மற்றது ஹாலோபாக்டீரியா எனப்படும் உயிரிகள். பெயரில் பாக்டீரியா இருந்தாலும் இவை பாக்டீரியாக்களே அல்ல. ஆர்க்கியா என்ற தனிப் பெரும்பிரிவைச் சேர்ந்தவை. இவற்றில் சில, பச்சையம் எதுவுமின்றி, நம் கண்ணிலுள்ள நிறமியை ஒத்த ஒரு புரதத்தைக் கொண்டு ஒளியிலிருந்து ஆற்றல் பெறுகின்றன. அந்தப் புரதமும் ஊதா நிறமுடையது என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

நிறத்தை நம்பாதீர்கள், இடத்தைப் பாருங்கள் என்பதே என் அறிவுரை. காற்றுப்படும் நீரில் கலந்து நிற்கும் சிவப்பு அவர்களுடையது. உப்பளத்தின் அடியில், வெண்ணிற ஜிப்சம் படிவத்தைப் பெயர்த்தால் பச்சைக்குக் கீழே அடுக்காகத் தெரியும் ஊதாதான் நாம் பேசுவது.

பினாங்கில் இவ்வளவு மழை பெய்யும்போது உப்பு எப்படிச் சேரும்?

நியாயமான கேள்வி. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஊரில் வேதாரண்யம் போன்ற உப்பளங்களை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் பெரிய ஓதத்தின்போது மட்டும் கடல் எட்டும் மேட்டுப் பகுதிகளில், ஜனவரி, பிப்ரவரி மாத வெயிலில், தேங்கிய கடல்நீர் நாள்கணக்கில் ஆவியாகி உப்பேறுகிறது. அடுத்த மழையில் அது கழுவப்பட்டுவிடும். ஆகவே நம் கரையில் வாழும் ஊதாப் பாக்டீரியாக்கள், உப்புக் கூடுவதையும் குறைவதையும் தாங்கிக்கொள்ளும் கடலோர வகைகளாகவே இருக்க முடியும். உப்பு குறைந்தாலே சிதைந்துவிடும் ஹாலோரோடோஸ்பைரா போன்றவற்றுக்கு இந்த மழை ஒத்துவராது.

கெராச்சுட் கடற்கரையில் உள்ள ‘கலவா ஏரி’யில் இவை இருக்குமா?

பினாங்குத் தேசியப் பூங்காவில் உள்ள அந்த ஏரியில், மேலே நன்னீரும் கீழே கடல்நீரும் கலவாமல் நிற்கும். அத்தகைய ஏரிகள் ஊதாக் கந்தகப் பாக்டீரியாக்களுக்கு மிக உகந்தவை. கனடாவின் மஹோனி ஏரியில் ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்திலும், சுவிட்சர்லாந்தின் கடாக்னோ ஏரியில் ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்திலும் இவை தட்டு விரித்தாற்போல் அடர்ந்து வாழ்கின்றன. ஆனால் அந்த ஏரிகளில் அடுக்கு ஆண்டு முழுவதும் கலையாமல் இருக்கிறது. கெராச்சுட் ஏரி பருவத்துக்குப் பருவம் நிறைவதும் வற்றுவதுமாக இருப்பதால், அப்படியொரு நிலையான தட்டை அங்கே எதிர்பார்த்து மலையேறி இறங்க வேண்டாம். ஆமை முட்டையிடும் கடற்கரைக்காகச் செல்லுங்கள்.

இரவில் ஒளி இல்லாதபோது என்ன செய்யும்?

சூரியன் மறைந்ததும் பச்சை அடுக்கு ஆக்சிஜன் தயாரிப்பதை நிறுத்திவிடும். சிறிது நேரத்தில் சல்ஃபைடு பாயின் மேற்பரப்பு வரை ஏறிவிடும். நீந்தக்கூடிய ஊதாப் பாக்டீரியாக்கள் அதோடு சேர்ந்து மேலே வருகின்றன. விடிந்து ஆக்சிஜன் பெருகியதும் கீழே இறங்குகின்றன. நீந்த முடியாதவற்றுள் ஒன்றான தயோகாப்சா ரோசியோபெர்சிசினா, இருந்த இடத்திலேயே இருந்து, சிறிதளவு ஆக்சிஜன் கிடைத்தால் அதைக் கொண்டு சல்ஃபைடை எரித்துப் பிழைக்கிறது. சேமித்த சர்க்கரைப் பொருளைப் பகலில் திரட்டிய கந்தகத்தின் துணையோடு செலவழித்து இரவைக் கடப்பவையும் உண்டு.

இவற்றால் நோய் வருமா?

வராது. சேற்றில் வேறு கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

மீன் வளர்ப்போரும் இறால் குளத்தாரும் வாங்கும் சிவப்பு நீர் இதுதானே?

நெருங்கிய உறவு, ஆனால் இது அன்று. கடைகளில் ஒளிச்சேர்க்கைப் பாக்டீரியா என்று விற்கப்படுவதும், முட்டையையும் அஜினோமோட்டோவையும் கலந்து பாட்டிலில் வெயிலில் வைத்துப் பலர் வீட்டில் பெருக்குவதும் பெரும்பாலும் ரோடோசூடோமோனஸ் போன்ற ஊதாக் கந்தகமில் பாக்டீரியாக்கள். அவை சல்ஃபைடை விடக் கரிமக் கழிவுகளையே நாடும். செறிந்த உப்பும் அவற்றுக்குத் தேவையில்லை.

வீட்டில் வளர்த்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கியின் பெயரால் வழங்கும் முறை இது. ஒன்றரை லிட்டர் தெளிந்த பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில், கறுப்புச் சேற்றோடு கிழித்த செய்தித்தாளையும் ஒரு முட்டையின் மஞ்சள் கருவையும் பிசைந்து மூன்றிலொரு பங்கு நிரப்புங்கள். அதன்மேல் வெறும் சேறு சிறிது. அதற்கு மேல் கடல்நீர். உப்பை விரும்பும் வகைகளுக்கு வாய்ப்பளிக்க, லிட்டருக்கு 35 கிராம் உப்பைக் கடல்நீரில் கூடுதலாகக் கரைத்தால் உப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். மூடியை இறுக்காமல், நல்ல வெளிச்சமுள்ள, ஆனால் நேர்வெயில் சுடாத சன்னலோரத்தில் வையுங்கள். நான்கு முதல் எட்டு வாரங்களில் சேறு கறுத்து, பாட்டிலின் ஓரத்தில் ஊதா அல்லது செந்நிறத் திட்டுகள் தோன்றத் தொடங்கும்.

எல்இடி விளக்கின் கீழ் வைத்து ஒன்றுமே வரவில்லை என்று வருந்தியவர்கள் உண்டு. வெள்ளை எல்இடி விளக்கில் அகச்சிவப்பு ஒளி மிகக் குறைவு. பச்சைப் பாசி முந்திக்கொண்டு வளர்ந்துவிடும். சன்னல் வெளிச்சமோ, எங்காவது கிடைத்தால் பழைய இழை பல்போதான் இதற்கு ஏற்றது.

பாட்டிலைக் காற்றோட்டமுள்ள இடத்திலேயே வைத்திருங்கள். அருகில் குனிந்து முகர்ந்து பார்க்க வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சு வாயு. அளவு மிகுந்தால் அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பதால் நாற்றம் நின்றுவிட்டது என்று ஆறுதல் அடைவதும் தவறு. சேற்றைத் தேசியப் பூங்காவுக்குள்ளிருந்து எடுக்காதீர்கள். வெளியே உள்ள கரையோரங்களில் ஒரு கையளவு போதும். பாய் உள்ள இடத்தில் எடுத்தால், வெட்டிய துண்டை மீண்டும் அதே குழியில் பச்சை மேலாக வைத்து அமுக்கிவிட்டு வாருங்கள்.